வசந்தா கறுப்பாக்காத கட்டம்

ஈர மையின் நெடி எங்கிருந்து வந்தாலும் எனக்கு வயது பதினொன்று. மலேசியாவில் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி, எண்பதுகளின் தொடக்கம், "சைக்ளோஸ்டைல்" இயந்திரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி வாத்தியார் எடுத்துத் தரும் பயிற்சித் தாள்கள். ஐந்தாம் ஆண்டு அரசாங்கச் சோதனைக்காக. அதுவரை கயிறு பிடித்துத் திடலை அளந்து கணக்குப் படித்த நாங்கள் அந்த வருடம் முழுவதும் தாள்களுக்குள் குனிந்து கிடந்தோம். கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடைக்குத் தாவும் கண் எனக்கு வாய்த்துவிட்டது.

வசந்தாவுக்கு வாய்க்கவில்லை. பக்கத்து லயத்து வீட்டுக்காரி, கணக்கில் எங்கள் எல்லாருக்கும் மேலே. "அது ஏன் சார் அப்படி?" என்று கேட்காமல் எதையும் விடமாட்டாள். "கேட்டுக்கிட்டே இருந்தா மணி ஆயிரும்மா, விடைக் கட்டத்தக் கறுப்பாக்கு" என்பார் வாத்தியார். பாவம், அவருக்கும் அவசரம். அவள் அப்பாவோ கறாராகச் சொல்லியிருந்தார்: "கணக்குல ஏ வந்தா டவுன் ஸ்கூல். இல்லாட்டி ஆறாம் வகுப்போட நின்னு தம்பியப் பாத்துக்க."

சோதனையில் ஒரு கேள்வி. ஒருவர் நாளுக்கு இருபது லிட்டர் ரப்பர் பால் எடுத்தால் ஆறு நாளில் எவ்வளவு? நூற்றிருபதைக் கறுப்பாக்கிவிட்டு நான் பறந்தேன். வசந்தா அங்கேயே நின்றுவிட்டாள்.

"போன வாரம் ரெண்டு நாள் மழைடி, எங்கம்மா பாலுக்கு மரமே வெட்டல. மழை நாளக் கழிக்கணுமா வேணாமான்னு போடவே இல்லையே" என்றாள், வெளியே வந்ததும்.

"மக்கு! கேள்வியில மழையே இல்ல லா!"

"கேள்வியில இல்லாட்டி என்ன? காட்டுல பெய்யுதே!"

பிறகு பார்ப்போம் என்று அந்தக் கேள்வியைத் தாண்டியவள், விடைத்தாளில் அதற்குரிய வரிசையைத் தாண்ட மறந்திருந்தாள். அதற்குப் பின் அவள் போட்ட சரியான விடைகள் அத்தனையும் ஒவ்வொரு வரிசை மேலேறித் தப்பாகிப் போயின. எனக்கு ஏ, அவளுக்கு டி. அவள் அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அந்தச் சோதனை இன்று இல்லை. பாலுக்கு வெட்டிய மரங்களும் இல்லை, அங்கே வீடுகள். சான்றிதழ்கள் நிறைய வாங்கிவிட்டேன். ஆனால், அச்சிட்ட ஒரு வரியின் முன்னால் அவளைப்போல நின்று, இது உண்மையா என்று யோசிக்க எனக்குப் பாதி ஆயுள் பிடித்தது. அவளுக்குப் பதினொரு வயதிலேயே அது வந்திருந்தது.

ஆறாம் வகுப்பு முடிந்து டவுன் பள்ளிக்கு நான் கிளம்பிய முதல் காலை, இடுப்பில் தம்பியோடு பஸ் வரைக்கும் வந்தாள். நான்தான் அழுதேன். அவள் என் பையை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அங்கயும் சும்மா தலையாட்டிட்டு வந்துறாதடி. எனக்கும் சேத்துக் கேளு. ஏறு ஏறு, பஸ்காரன் மொறைக்கிறான்."