நான்கு வயதிலேயே நின்றவன்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கிறது. பெருவிரல் நீளத்துக்குத் தேய்ந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, முப்பது வயது நிறையுமுன்னே யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சனங்களை எண்ணும் குடிசன மதிப்பீட்டுக்கு மேற்பார்வை உத்தியோகத்தனாக நியமிக்கப்பட்டபோது எனக்குத் தரப்பட்டது அது. நான் கையொப்பமிட்ட எந்தத் தாளும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. லண்டனுக்கு வந்து மனோர் பார்க்கில் குடியேறிய பின்னரும், எங்கள் சனங்கள் கவுன்சில் கடிதமானாலும் விசா விண்ணப்பமானாலும் என்னிடமே கொண்டுவந்தார்கள். என் கையெழுத்தில் உள்ளது என்றால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது இங்குள்ளவர்களின் பேச்சு. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கீழே வருவதை எழுதுகிறவன் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த, ஊரில் ஆசிரியையாக இருந்த ரீச்சர் அம்மா சென்ற மாரியில் காலமானார். முப்பத்தோராம் நாள் மதிய போசனம் கோயில் மண்டபத்தில் நடந்தது. இலை எடுத்தபின் அவருடைய மகள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு என் எதிரே வந்து அமர்ந்தாள். உறைக்குள் மூன்று தாள்கள். இந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்புமுன் நான் கைப்பட எழுதிக்கொள்ளும் முற்பிரதிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து ஆண்டுகள். வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று நானே கொடுத்துவிட்டு வருவது வழக்கம்.

“அங்கிள், இது உங்கட எழுத்துத்தானே?”

“ஓம்.”

“அப்ப இது ஆர்?”

முதல் தாளில் அவளுடைய அண்ணனுக்கு வயது இருபது, அவளுக்குப் பதினான்கு. அடுத்த தாளில் முப்பது, இருபத்துநான்கு. கடைசித் தாளில் நாற்பது, முப்பத்துநான்கு. இருவருக்கும் கீழே, மூன்று தாள்களிலும், ஒரே பெயரில் ஓர் ஆண்பிள்ளை. மூன்றிலும் வயது நான்கு.

பக்கத்து வரிசையில் பேச்சு அடங்கியது. பிள்ளைத் தொகை பார்த்துக் கொடுக்கும் மூன்றறைக் கவுன்சில் வீடு எப்படிக் கிடைத்தது என்று இப்போது விளங்குகிறது என ஒருவர் தம் மனைவியிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவளுடைய அண்ணன் சிரித்தபடி, “விடு தங்கச்சி. அங்கிளுக்கு வயசு போட்டுது. அவர் தன்ர வயசையே பிழையா எழுதுவார்” என்றான். அவள் சிரிக்கவில்லை. “அம்மா பொய் சொன்னவவோ? அதை மட்டும் சொல்லுங்கோ” என்றாள். நான், “பிறகு கதைப்பம்” என்று எழுந்து பஸ் ஏறிவிட்டேன். ஒரு மாதம் முன்பு எரிந்தடங்கிய பெண்ணின் பெயர் அந்த மண்டபத்தில் கெட்டுக்கொண்டிருக்க, என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நான் வெளியேறினேன் என்பதே உண்மை.

முதல் படிவத்தை எழுதிய ஞாயிறு பிற்பகல் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. இத்தெருக்களின் வரிசை வீடுகளில் வாசற்கதவைத் திறந்ததும் படிக்கட்டுத்தான். அதன் அருகே மேசை போட்டு அமர்ந்தேன். இரண்டு பிள்ளைகளையும் எழுதி முடித்தபோது ரீச்சர் அம்மா, “இன்னும் ஒண்டு இருக்கு, சேர். மேல படுத்திருக்கு” என்றார். பெயர் கேட்டேன், சொன்னார். வயது கேட்டேன், சொன்னார். நான் அவ்வீட்டுக்குப் புதியவன், எழுதினேன். எழுதும்வரை அவர் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி வைத்ததும் நெடுநேரம் அடக்கிய மூச்சை விட்டார்.

பத்து ஆண்டுகளின் பின் அதே மேசை. அதே பெயர். “நாலு வயசு” என்றார். நான் பேனாவை மூடினேன். போன முறையும் நான்குதானே எழுதினோம் என்றேன். “ஓம். அவனுக்கு நாலுதான்” என்றார், கணக்கு விளங்காத மாணவனுக்குச் சொல்லும் பொறுமையோடு. “நீங்கள் மேல போய்ப் பாருங்கோ, சேர். இந்த முறை பாருங்கோ.” இந்த முறை என்ற சொல் அப்போது எனக்கு விளங்கவில்லை. அவருக்கு மனம் பேதலித்திருக்கிறது என்றே முடிவு செய்து, அதை நிரூபிக்கும் எண்ணத்தோடு எழுந்தேன். படிக்கட்டின் மூன்றாம் படியில் ஒரு சோடிச் சிறிய செருப்பு இருந்தது. அன்று மழையில்லை, ஆனால் செருப்பு நனைந்திருந்தது, வாரில் செம்மண். லண்டனில் அந்த நிறத்து மண்ணை நான் கண்டதில்லை. நான் மேலே போகவில்லை. திரும்பி வந்து அமர்ந்து, நான்கு வயதுக்கு ஏற்ற பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் படிவத்திலும் எழுதினேன்.

மூன்றாம் முறை தொற்றுக்காலம். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகக்கூடாது. மகள் வைத்தியசாலையில் ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான் வாசலுக்கு வெளியே நின்று, தடித்த புத்தகமொன்றின் மேல் தாளை வைத்து எழுதினேன். ரீச்சர் அம்மா உள்ளே, கடைசிப் படியில் அமர்ந்திருந்தார்.

“அண்டைக்கும் இப்பிடி வெளியில நிண்டுதான் எழுதினனீங்கள், சேர்” என்றார்.

என்றைக்கு என்றேன்.

“ஊரில. படலையடியில. ரெண்டு பிள்ளையள் எண்டன். என்ர கையில இருந்த சின்னவனை மட்டும் பாத்தியள். மூத்தவன் காய்ச்சலோட உள்ள படுத்திருக்கிறான் எண்டன். சிரிச்சுப்போட்டுச் சிவப்புப் பென்சிலால வெட்டினனீங்கள்.” அவர் குரல் உயரவில்லை. “மூண்டாம் நாள் போயிட்டான். நீங்கள் வெட்டினதால எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா அவன்ர பிறப்புப் பத்திரம் பிறகு வீட்டோட எரிஞ்சு போச்சு. படமும் இல்லை. ஒரு தாளிலயும் அவன் இல்லை, சேர்.”

இங்கே ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். பிள்ளைகளின் தொகையைச் சரியாகச் சொன்னால் கண்ணூறு படும் என்று, எங்கள் பெண்களிற் பலர் கணக்கெடுக்க வருபவரிடம் ஒன்றைக் கூட்டிச் சொல்வார்கள். இல்லாத அந்தப் பிள்ளையின் மேல் கண்ணூறு விழட்டும் என்பது எண்ணம். கேட்டால், உள்ளே படுத்திருக்கிறது என்பார்கள். நான் அதைக் கண்டுபிடிப்பதில் பெயர் பெற்றவன். கண்ணாற் காணாத பிள்ளையைப் பத்திரம் காட்டாவிட்டால் வெட்டினேன். எட்டிப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையில்லை என்பதே என் திறமையாக இருந்தது. எத்தனையோ வீட்டு வேலிப் படலைகளில் அப்படிச் சிரித்திருக்கிறேன். ரீச்சர் அம்மாவின் படலை எது என்று இன்றும் எனக்கு நினைவு வரவில்லை. நான் வெட்டியவர்களில் இன்னும் எத்தனை பேர் உண்மையாகவே உள்ளே படுத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

வாசலில் நின்றபடி தாளைப் புத்தகத்தின் மேல் சரிசெய்தேன். அப்போது ரீச்சர் அம்மா படியில் சுவரோடு ஒதுங்கி அமர்ந்து, சேலைத் தலைப்பை மடிக்குள் இழுத்துக்கொண்டார். சிறு பிள்ளை இறங்கி வரும்போது வழிவிடும் விதம் அது. யாரும் இறங்கவில்லை. ஆனால் அவர் பார்வை மெல்லக் கீழிறங்கி, என் முழங்காலுக்கு நேரே வந்து நின்றது. “எழுதுங்கோ, சேர்” என்றார். எழுதினேன். பெயரை அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

சிவப்புப் பென்சிலை இன்று வெளியே எடுத்து இந்தத் தாளின் அருகே வைத்திருக்கிறேன். முனை இன்னும் எழுதுகிறது. இக்குறிப்போடு அதையும் ரீச்சர் அம்மாவின் மகளிடம் கொடுக்கவிருக்கிறேன். கோயில் மண்டபத்திலும் பின்னர் தொலைபேசிகளிலும் பேசப்பட்டவற்றைத் திருத்த வேண்டியது என் கடமை. மூன்றறை வீட்டுக்காக அந்தப் பிள்ளை எழுதப்பட்டான் என்பது தவறு. வீடு முதல் படிவத்துக்கு முன்னரே கிடைத்துவிட்டது. மூப்பினால் என் கை தடுமாறியது என்பதும் தவறு. ரீச்சர் அம்மா பொய் சொல்லவில்லை. லண்டனில் எழுதிய மூன்று தாள்களிலும் பிழை இல்லை. பிழையுள்ள தாள் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டது. அதில் உள்ள கையொப்பம் என்னுடையது.