எஸ்கேப் ஆனவர்களும் ஆகாதவர்களும்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு, மாணவர்களுக்குத் தெரியாத வார்த்தைகளால் தலைவலி வருவதில்லை. தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற வார்த்தைகளால்தான் வருகிறது. பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கீழே பன் வேகும் வாசனை, பின் தெருவில் தறிச் சத்தம், நடுவில் நானும் என் பாஸ்ட் டென்ஸும். இன்டர்வியூவிலோ பேங்க் கவுண்டரிலோ இங்கிலீஷ் வராமல் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் பாடு உங்களுக்குப் புரியும்.

‘எஸ்கேப்’ அப்படி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூட ‘ஆளு எஸ்கேப் ஆயிட்டான்’ என்பார். தப்பிப்பது, தவிர்ப்பது, நழுவுவது, உயிர் பிழைப்பது எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அந்த ஒரே வார்த்தைதான் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனி வார்த்தை உண்டு என்று காட்டிவிட்டால் போதும் என்று ஒரு வாரத்தை அதற்கு ஒதுக்கினேன். சுலபமான பாடம் என்றுதான் நினைத்தேன்.

மீட்டிங்குக்கு வராதவர்

கார்த்தி மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங் வேலையில் இருந்தான். புதிதாக வந்த மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ஒருநாள் காலை மீட்டிங்குக்குக் கார்த்தி போகவில்லை. அவனுடைய அப்பாவுக்கு டயாலிசிஸ். வழக்கமாகக் கூட்டிக்கொண்டு போகிற அண்ணனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டதும் பதற்றத்தில் வாயில் வந்தது, “சாரி சார், ஐ எஸ்கேப்டு.”

வர முடியாமல் போய்விட்டது என்று சொல்ல நினைத்திருக்கிறான். மேனேஜர் காதில் அது, ‘உங்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டேன்’ என்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடுத்த வாரமே கார்த்தியை வெளியூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவை விட்டுப் போக முடியாமல் வேலையை விட்டுவிட்டு என் வகுப்பில் வந்து சேர்ந்தான். ‘ஐ குடுன்ட் அட்டெண்ட்’ என்று நான் போர்டில் எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “இவ்வளவு சின்ன வாக்கியமுங்களா மேடம்?”

விரல்

மறுநாள் ‘நேரோ எஸ்கேப்’. மயிரிழையில் தப்பிப்பது. ஆளுக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னேன். பஸ்ஸில் அடிபடாமல் தப்பித்தது, நாய் துரத்தித் தப்பித்தது என்று வகுப்பு கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது. சண்முகத்தின் முறை வந்தது. போத்தனூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். இப்போது தங்கச்சி வீட்டில் தங்கி, வெளிநாட்டு வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வலது கையை பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார்; பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் கையை வெளியே எடுத்தார். இரண்டு விரல்கள் இல்லை. மெஷின் கவ்வியபோது பக்கத்தில் நின்றவர் சட்டென்று சுவிட்சை அணைத்ததால் மணிக்கட்டுக்கு வராமல் நின்றதாம். “அப்போ இது நேரோ எஸ்கேப்தான், இல்லீங்களா?” என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. அவர் கோபப்படவில்லை. இன்னொரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்: “பாக்க வந்தவிங்க எல்லாரும் கை தப்பிச்சுதுன்னு சொன்னாங்க டீச்சர். தப்பிக்காததுக்கு என்ன வார்த்தைங்க?”

போர்டில் எழுதியது

சரஸ்வதி அக்கா வகுப்பிலேயே வயதில் மூத்தவர். வெள்ளகோவிலில் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். தோட்டம், மாடு, சொந்தத் தறி என்று வசதியான குடும்பம். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்றைக்கு ‘ரன் அவே’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஓடிப்போதல்’ என்று எழுதினேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நம் ஊரில் பெண்பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் கவிதா, கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்று தெரியாது. அப்பாவும் பெரியப்பா மகன்களும் வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் அவளை அறையில் போட்டு அடைத்து வைத்திருந்தபோது, வெளியே எல்லாரும் பந்தலில் இருந்த ஒரு விசேஷ நாளில், தாழ்ப்பாளை நீக்கிவிட்டது அக்காதான். அது இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டுப் போர்டைக் காட்டினார். “அதை அழிச்சுப்போடுங்க டீச்சர். என்ற புள்ளை ஓடிப்போகலீங்க, எங்ககிட்ட இருந்து தப்பிச்சுப் போனா.”

யார் பேசுறீங்க?

கவிதா வேலை செய்கிற ஆபீஸின் நம்பர் மட்டும், மகளின் தோழி ஒருத்தி மூலமாக அக்காவுக்குக் கிடைத்திருந்தது. அங்கே ரிசப்ஷனில் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். தன் பொண்ணைக் கூப்பிடச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அதற்காகத்தான் அக்கா இங்கிலீஷ் படிக்க வந்திருந்தார். ‘ப்ளீஸ் கனெக்ட் மீ டு கவிதா.’ மாட்டுக்குத் தீனி போடும்போதும் சொல்லிப் பார்ப்பாராம்.

ஒரு மத்தியானம் முன்னதாகவே வந்தார். என் போனில் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வாக்கியத்தைத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துப் பெண், “மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?” என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். யார் பேசுவது என்று கேட்கிறாள் என்று மெதுவாகச் சொன்னேன். “ஐ ஆம்... ஹெர் மதர்” என்றார். காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏதோ சங்கீதம் போட்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். மகள் நேரில் வந்து நிற்கப்போகிற மாதிரி.

சங்கீதம் நின்றது. “சாரி மேம். ஷி சேஸ், தேர் இஸ் நோ கவிதா ஹியர்.” லைன் கட்டாகிவிட்டது.

கவிதா என்று இங்கே யாரும் இல்லை என்று அவளே சொல்லச் சொல்லியிருக்கிறாள். ரிசப்ஷன் பெண் வெகுளியாக அப்படியே ஒப்பித்துவிட்டாள். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். “அப்ப அங்கதான் இருக்கறா” என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. இன்னொரு முறை கூப்பிடட்டுமா என்று கேட்டேன். என் கையிலிருந்த போனை மெதுவாகக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “வேண்டாமுங்க டீச்சர், அவ அப்பன் கூப்புட்டாலும் இதையேதானுங்க சொல்லோணும்.”

எங்கள் தொழிலில் யாரையும் பேச வைத்துவிடலாம். பேசினால் என்ன பதில் வரும் என்பதற்குத்தான் எங்களிடம் பாடம் கிடையாது.