ஓடிய அளவுக்குச் சோறு

ஓட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், அவர்களில் பாதிப் பேர் பந்திக்குப் பசியோடு வருவதில்லை, பயத்தோடு வருகிறார்கள்.

சோளக்காடு என்கிற எங்கள் மலையூரில் சில அறைகள் கட்டி, மலைப்பாதையில் ஓடிப் பழக வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறேன். போட்டியில் கப் வாங்க வருகிறவர்கள் அல்ல, ஆசைக்கும் ஆரோக்கியத்துக்கும் ஓடுகிறவர்கள். எண்ணெய் கூடாது, சர்க்கரை கூடாது என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்துவிடும். நீங்களும் கரண்டி பிடிக்கிறவர் என்றால் இந்த அவஸ்தை புரியும்.

மேலே ஏறிய கிழங்கு

நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் மாவுச்சத்து நிறையச் சேர்க்க வேண்டும் என்று கேள்விப்பட்ட சேலத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், அவித்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கை இலை கொள்ளாமல் வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் ராசிபுரத்துக் கணக்கு டீச்சர் சுகந்தி, கையோடு கொண்டு வந்த சின்னத் தராசில் கிழங்கை நிறுத்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தோம். மறுநாள் காலை கொண்டை ஊசி வளைவில் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜீப்பில் ஏற்றி வந்தபோது சொன்னார்: “நான் ஏறலீங்க, கிழங்குதான் மேல ஏறுது.”

மழை நாள் கணக்கு

சுகந்திக்கு எங்கள் சாமைச் சோறு பிடிக்கும். அவள் முகம் பார்த்தாலே தெரியும். ஒருமுறை ஓட்டத்தின் நடுவில் மழை பிடித்து எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். சூடாக அவரைக் குழம்பு ஊற்றி அவளுக்கு இரண்டாவது கரண்டி வைக்கப் போனேன். இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஓடிய தூரம் காட்டும் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். “இன்னிக்குப் பாதிதானுங்க்கா ஓடினேன். பாதிச் சோறு போதும்.”

பாராட்டு

மாதத்துக்கு மாதம் அவள் வேகம் கூடியது, உடம்பு கரைந்தது. குழுவை அழைத்து வரும் முருகேசன், சுகந்தியைப் போலச் சாப்பிடுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அவளோ வெயில் நேரத்திலும் குளிருகிறது என்று என் அடுப்பங்கரையில் வந்து நின்றாள். மாதவிலக்கு நின்று நாளாயிற்று, ஓடுவதற்கு அதுவும் வசதிதான் என்று சாதாரணமாகச் சொன்னாள். டாக்டரைப் பார் கண்ணு என்று அவளிடம் கெஞ்சினேன். சரி என்றாள், போகவில்லை. முருகேசனிடமும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்: “ஒடம்புல கொறை இருந்தா இப்படி ஓட முடியுமாங்க்கா?”

கட்டுப் போட்ட கால்

அடுத்த சில வாரங்களில், இறக்கத்தில் ஓடும்போது சுகந்தியின் கால் எலும்பு விரிசல் விட்டது. விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஓட்டத்துக்குத் தகுந்த சாப்பாடு இல்லாமல் எலும்பு பலமிழந்துவிட்டது, நன்றாகச் சாப்பிட்டால்தான் கூடும் என்று டாக்டர் சொன்னாராம்.

மலைக்காற்றில் வந்தாலாவது சாப்பிடுவாள் என்று அவள் அம்மா என்னிடம் கூட்டி வந்தார். கூடவே வந்த முருகேசன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாமைச் சோறு, அவரைக் குழம்பு, முட்டை, கீரை எல்லாம் வைத்தேன். எனக்குத் தெரிந்த நல்ல சாப்பாடு அவ்வளவும் அந்த இலையில் இருந்தது. அம்மா பிசைந்து ஊட்டப் போனார். சுகந்தி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது. பசிக்கிறது என்பதும் தெரிந்தது. “ஓடாம உக்காந்திருக்கறவளுக்குச் சோறு எதுக்குங்க்கா?”

எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு சோறு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன், ஓடாத நாளுக்கு எவ்வளவு என்று ஒருத்திக்குப் புரியவைக்கத்தான் இந்தத் தொழிலில் நான் இன்னும் படிக்கவில்லை.