மடித்துக் காட்டிய படிவம்

என் அண்ணன் வாசிக்காமல் கையெழுத்து வைத்த தாள் அவர் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். வைக்கச் செய்தவன் நான்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம். அண்ணன் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். கப்பல் கம்பனி ஒன்றில் தலைமைக் கிளாக்கர். தந்திக்காரன் நீட்டும் துண்டைக்கூட மூன்று தடவை வாசித்த பிறகுதான் பேனையைத் திறப்பார். நான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போய்வரும் அரசாங்கக் கிளாக்கர். எந்த மனு எந்த மேசைக்குப் போகவேண்டும், எந்த விதி எந்தப் பந்தியில் இருக்கிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் அண்ணன்மேல் பிரயோகித்தேன்.

அவருக்கு மலத்தோடு இரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு அடிக்குடலில் வளர்ச்சி என்றார்கள். சத்திர வைத்தியர் நம்மவர்தான், சீமையில் படித்துவிட்டு வந்தவர். என்னை விறாந்தைக்கு அழைத்து ஆங்கிலத்தில் விளக்கினார். கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு துவாரம் செய்து வெளியே வைத்துத் தைப்பாராம். இனி ஆயுள் முழுவதும் மலம் அந்த வழியாகத்தான் வருமாம். "அவரிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்" என்று முடித்தார். அவருடைய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கக்கூடிய மனிதர் பத்தடி தூரத்தில் கட்டிலில் கிடந்தார்.

வைத்தியரை மட்டும் ஏசி என்ன பயன்? எங்கள் வீடுகளிலும் அதுதானே வழக்கம். பெரிய நோய் வருத்தம் வந்தால் ஊருக்கெல்லாம் சொல்வோம், வந்தவனுக்கு மட்டும் சொல்லமாட்டோம். அண்ணன் மனைவி, என் மச்சாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "சின்ன ஒப்பரேஷனாம்" என்று சிரித்தா. நானும் தலையாட்டினேன்.

மூன்று நாள் கஞ்சித் தண்ணீர். பிறகு எனிமா. பிறகு சவரம். குடலுக்கு வேண்டிய ஆயத்தம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குடலுக்குச் சொந்தக்காரனை மட்டும் ஒருவரும் ஆயத்தம் செய்யவில்லை. கடைசியில் சம்மதப் படிவம் வந்தது. எழுத்து இருந்த மேல்பாதியைப் பின்புறமாக மடித்து, புள்ளிக்கோடு மட்டும் தெரியும்படி நீட்டினேன். "வழமையான படிவந்தான் அண்ணை. எல்லாரும் வைக்கிறது." வலியில் இருந்தவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். கீழே சாட்சியாக நானும் வைத்தேன், திகதியோடு, மிகத் துப்புரவாக.

ஒப்பரேஷன் முடிந்த இரண்டாம் நாள், பஞ்சு நனைந்து நாறியபோது அவரே கட்டை விலக்கிப் பார்த்தார். ஈரமாக, சிவப்பாக, உதடு குவித்ததுபோல் ஒன்று. சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "இதுவோ சின்ன ஒப்பரேஷன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. கிளாக்கரின் கணக்கு அது. மச்சாள் கொண்டுவந்த சூப்பும் கஞ்சியும் அப்படியே திரும்பிப் போயின. பட்டினியின் மூன்றாம் நாள் கன்னம் குழி விழுந்துவிட்டது. வைத்தியர் மாணவர் கூட்டத்தோடு வந்தார், கட்டைத் தூக்கினார், "மிக அழகாக வந்திருக்கிறது" என்றார், போர்வையை மூடாமலே அடுத்த கட்டிலுக்குப் போனார். இன்றைக்கும் 'அழகு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

அடுத்த கட்டிலில் காலில் வந்த கட்டியை அறுக்கவந்த மாளிகாவத்தைத் தையற்காரர் ஒருவர் இருந்தார். முஸ்லிம். வார்ட்டில் எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் அழைப்பார்கள், அண்ணன் என்ற அர்த்தத்தில். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தவர், வைத்தியர் போனதும் நொண்டி நொண்டி எழுந்து வந்தார்.

"தொர, இங்க பாருங்க" என்று சாரத்தைச் சற்று இறக்கினார். அவர் வயிற்றிலும் அதே சிவப்பு. "எனக்கு ஏழு வருஷமா ஈக்கி. எத்தின கலியாண வீட்டுக்குப் போன, எத்தின புரியாணி திண்ட. ஒருத்தனுக்கும் தெரியா."

அண்ணன் முதன்முறையாகத் தலையைத் திருப்பினார். "நோகாதோ நானா?"

"தொட்டா நோகா. சுத்தியுள்ள தோல்தான் எரியும். அவன்கள் நெனச்ச நேரம் பஞ்ச மாத்தினா எரியாமலா ஈக்கும்? இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்து, சிங்க் களிம்பப் பூசுங்க. தேய்க்க வாணாம். காலையில ஒருக்காத் தண்ணி ஏத்திக் கழுவிப் பழகினீங்கண்டா பகலெல்லாம் சும்மா கெடக்கும். பட்டினி கெடந்தா காத்துத்தான் வரும், சத்தத்தோட."

பிறகு அண்ணனின் துவாரத்தை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "சரியா பெல்ட் கட்டுற எடத்திலல்லவா வெட்டியீக்கி! படுக்கப்போட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? நீங்க என்ன, படுத்துக்கொண்டா களிசான் போடுற? ஒருக்கா நிக்கவெச்சி, இருக்கவெச்சிப் பாத்து அடையாளம் போட்டீக்கலாமே. நான் ஒரு சட்டைக்கே அப்படித்தான் அளவெடுக்கிற." சற்று யோசித்து, "பரவாயில்ல. பெல்ட்ட விடுங்க. தோள்பட்டி வெச்சு களிசான உசத்தித் தெச்சித் தாரன்" என்றார்.

அண்ணன் சிரித்தார் என்றே நினைக்கிறேன். மச்சாள் உடனே கோப்பையை நீட்டினா. அண்ணன் அதைத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்:

"நான் கையெழுத்து வைச்ச தாளைக் கொண்டுவா. அதை வாசிக்காமல் ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டன்."

வார்ட் கிளாக்கர், படிவம் ஃபைல் கோவைக்குள் போய்விட்டது, நோயாளிக்குக் காட்டுவது வழக்கமில்லை என்றான். எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாவற்றையும் அவன் தலையில் கொட்டினேன். எந்த விதி தடுக்கிறது என்று எழுத்தில் கேட்டேன். எழுதித் தர அவனுக்குப் பயம். கோவையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். கையெழுத்து வாங்கிய அன்று இந்த ரோஷம் எங்கே போயிருந்தது என்று என்னை நானே கேட்டபடி.

அண்ணன் மடிப்பைக் கையால் நீவிவிட்டு மூன்று தடவை வாசித்தார். "ஒப்பரேஷனைப்பற்றி எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது எண்டு கிடக்கு. ஆர் விளங்கப்படுத்தினது?"

பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினார்.

"பேனையைத் தா." அந்த வரியை மட்டும் நேர்கோடு போட்டு வெட்டி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பிழை திருத்தினால் கந்தோரில் செய்வதுபோல. பிறகு தாளை என்னிடம் நீட்டினார். "நீயும் வை. சாட்சி நீதானே."

வைத்தேன். மை காயும்வரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மச்சாளிடம் கோப்பையைக் கேட்டார்.