எரிகல் எண்ணப் போனோம், நோட்டு அவர் கையில்

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போனோம். கடலைப் பார்க்க அல்ல, கடலுக்கு மேலே இருப்பதைப் பார்க்க. அந்த வாரம் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகற்கள் விழும். ராசி எழும்பும் நேரத்தில் வருகிற கல், வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நீந்திப் போகுமாம். அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. அதற்குக் கிழக்கே மறைப்பில்லாத வானம் வேண்டும்.

ஒன்பது வருடமாக எண்ணுகிறோம். பாயில் மல்லாந்துகொண்டு, "ஒண்ணு, நல்ல வெளிச்சம், தெக்கால" என்பார் அவர். நான் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சில் மணி பார்த்து எழுதுவேன். தலை தூக்குவதற்குள் கல் போயிருக்கும். நோட்டில் நானூற்றுச் சொச்சம் இருக்கிறது. நான் முழுசாகப் பார்த்தது ஒன்றுகூட இல்லை. இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன்: நான் பார்க்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஒன்றாவது பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை.

திண்டிவனத்தில் மூன்றரைக்கு பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கடற்கரைச் சாலையிலேயே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த விளக்கு வெளிச்சத்தில் நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீராம்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்தோம். போகவும் திரும்பி வந்து அழைக்கவும் அறுநூறு ரூபாய். ஓட்டியவர் பெயர் பாஷா. மடியிலிருந்த நோட்டு எதற்கென்று கேட்டார், சொன்னேன்.

"இதுக்குப் போயி நோட்டு இன்னாத்துக்குக்கா? போன்ல பேசி ரெக்கார்டு பண்ணிக்கலாமே."

வீட்டுக்காரர் சட்டென்று வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது.

தெருவிளக்குக்கு முதுகு காட்டி, படகுகளைத் தாண்டிப் பாய் விரித்தோம். ஏழே முக்கால் வரை மேகம். வந்ததே வீணா என்று அழுகை முட்டியது. எட்டு மணிக்குக் கிழக்கே கொஞ்சம் விலகியது. பக்கத்தில் அவர் நல்ல பிள்ளையாக நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார்.

அப்போது வந்தது. கடலோரம் வடகிழக்கில் கிளம்பி, கோலமாவை இழுத்த மாதிரி ஒரே கோடு. அவசரமே இல்லாமல் என் தலைக்கு மேலே போய், ஊர்ப்பக்கம் அணைந்தது. "ஒண்ணு" என்று கத்த வேண்டும். வாயே வரவில்லை.

"ஏங்க, போயிடுச்சு."

"இன்னா போச்சு?" நிமிர்ந்தார். "நீளமா?"

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு."

அவர் இத்தனை வருடம் காத்திருந்த கல். டார்ச்சில் மணி பார்த்தார். பிறகு, "எட்டு பன்னெண்டு. இன்னா கலரு?" என்று கேட்டு எழுதினார். எனக்குத் தாங்கவில்லை.

"போன்ல பேசி வெச்சிருந்தா நீங்களும் பாத்திருக்கலாம்ல? இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத வருசத்துலேர்ந்து." நோட்டை மூடினார். "எழுத ஆளு வேணாம்னா, 'எனக்கெதுக்கு இதெல்லாம்'னு நீ வீட்லயே இருந்துடுவ."

கோபம் வந்தது. ஒன்பது வருடம்! அதே மூச்சில் அவர்மேல் அப்படி ஒரு பாசமும் வந்தது. இப்படி ஒரு ஆளை என்ன செய்வது? டார்ச்சை அணைத்துவிட்டு, அவரையும் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். ஒன்பது மணிக்குள் இன்னும் ஆறு விழுந்தன. நீளமானது எதுவும் வரவில்லை. ஆறையும் இருவரும் பார்த்தோம், யாரும் எழுதவில்லை.

போகிறவர்களுக்கு: பாய், ஸ்வெட்டர், கொசுவத்தி கட்டாயம். டிசம்பரில் மேகத்தை நம்ப முடியாது, இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே பேசிவிடுங்கள். பத்து மணிக்கும் திண்டிவனம் பஸ் இருந்தது. எண்ணிக்கையைப் போனில் பேசிப் பதிந்தால் போதும், நோட்டு தேவையில்லை. கூட வர ஆள் வேண்டுமென்றால், வா என்று கூப்பிடுங்கள், வருவார்கள்.