தாய்வீட்டுக்கு வந்த அக்காவின் அரிசி

விடுதித் தோழிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். படித்தவள் அடுத்தவளுக்கு அனுப்பிவிடுங்கள்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா செஞ்சிக்கு வந்திருக்கிறாள். இன்று காலை அம்மாவும் நானும் ரேஷன் கடைக்குப் போய், அவளுக்கும் சேர்த்து அரிசி கேட்டோம்.

கடைக்காரர் கார்டைப் பார்த்தார். "உன் பொண்ணு பேரு மேல்சித்தாமூர்ல மாமியார் வீட்டு கார்டுல இருக்குது. அங்க போயி வாங்கிக்க."

"பேரு அங்க இருந்தா வயிறும் அங்கயா இருக்குது?" என்றாள் அம்மா.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அரிசி மட்டும் போடவில்லை.

"மாமியார் வீட்ல சொல்லி, பேர நீக்கிச் சீட்டு வாங்கினு வா. நான் இன்னா பண்றது? பி.ஏ. படிச்ச பொண்ணு கூட நிக்குதே, அதுக்குத் தெரியாதா சட்டம்?"

எனக்குத் தெரியவில்லை.

வழியில் அம்மா சொன்னாள்: "அங்க போயி கேட்டா, பொண்ணுக்குச் சோறு போட வக்கில்லன்னு பேசுவாங்க. வேணாண்டி." அக்காவின் பங்கை அவர்கள் அங்கே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மதியம் அக்கா பாதிச் சோற்றை என் தட்டில் தள்ளினாள். எட்டு மாதக் கர்ப்பிணிக்குப் பசியே இல்லையாம்.

உங்களில் யாருக்காவது தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர்கள் உண்டா? புகுந்த வீட்டுச் சீட்டு இல்லாமல் அவள் பங்கை இங்கே வாங்க முடியுமா என்று கேட்டு, சீக்கிரம் எழுதுங்கள். பதிலை என் பெயருக்கே போடுங்கள். இப்படி அலைகிறோம் என்று தெரிந்தால் அக்கா இன்னும் குறைத்துச் சாப்பிடுவாள்.