சர்வருக்கு இடம் பார்த்த கதை

"கொஞ்சம் சூடு ஜாஸ்தி தம்பி. சத்தமும் அதிகம். மத்தபடி ஒரு குறையும் இல்ல. நல்ல இடமா இருந்தா சொல்லுங்க லா, உடனே முடிச்சிடலாம்."

நான் போனில் இப்படிப் பேசி முடிப்பதற்குள் எதிர்மேசையில் என் மனைவி பேனாவைத் திறந்துவிட்டாள். "பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"நம்ம சர்வர்," என்றேன்.

அவள்மேல் தப்பில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இடம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அவள் கல்யாண புரோக்கர். நானே ஒரு காலத்தில் எனக்கு இடம் பார்க்கச் சொல்லி அந்தப் படிகளில் ஏறியவன்தான். மூன்று இடம் காட்டினாள். மூன்றும் ஏதோ காரணத்தால் தட்டிப் போயின. அதன்பிறகு நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டோம். அந்த நேரத்தில் எனக்கு அதிர்ஷ்டம் சரியில்லை என்று சொல்வேன். வாடிக்கையாளர் முன்னால் அதைச் சொல்லாதே என்பாள்.

இப்போது எல்லாமே இணையத்தில். பதிவு செய்தவர்களின் படம், ஜாதகம், எதிர்பார்ப்பு எல்லாம் பின்னறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடந்தன. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் பெரிய ஃபிரீசர் ஒன்று வாங்கிப் போட்டார். அது ஓட ஆரம்பித்தால் எங்கள் மாடியில் கரண்ட் போய்விடும். பெட்டியும் படுத்துவிடும். எல்லோரையும்போல கிளவுடில் வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு வீட்டு கிளவுடு?" என்று கேட்டாள். பெட்டி நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

போன தை மாதம் பெட்டி ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. நான் எழுப்புவதற்குச் சில நாள் ஆனது. அதற்குள் கிள்ளானில் ஒரு பெண் வீட்டார் சரி என்று அனுப்பிய பதில் பையன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பையன் வீட்டார் காத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா படியேறி வந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று அவள் பின்னறையில் போய் அழுதாள். எனக்கு அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக எறியலாம்போல இருந்தது.

"அடுத்த தையிலயும் இப்படி ஆச்சுன்னா நான் கடைய மூடிடுறேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆகவே பெட்டியைக் கொண்டுபோய் டேட்டா சென்டரில் குடிவைப்பது என்று முடிவானது. பெட்டி நம்முடையது. இடமும், நிற்காத மின்சாரமும், குளிரும், பூட்டும் அவர்களுடையது. நாம் வாடகை கட்ட வேண்டும். நானே சில இடங்களுக்கு போன் போட்டேன். எத்தனை பெட்டி என்றார்கள். ஒன்று என்றேன். அதோடு அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. இந்த மாதிரி சின்னக் குடித்தனங்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கவே ஒரு புரோக்கர் இருக்கிறார் என்று நண்பர் சொல்லித்தான் கிள்ளான்காரர் ஒருவரைப் பிடித்தேன்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "நான் புரோக்கர் இல்லக்கா, கன்சல்டன்ட்," என்றார்.

"நானும் கார்டுல ஆலோசகர்னுதான் தம்பி போட்டிருக்கேன்," என்றாள் அவள்.

அடுத்து அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் அவருக்கு வினையாக முடிந்தது. "உங்ககிட்ட ஒரு காசும் வாங்க மாட்டேன்கா. முடிஞ்சா டேட்டா சென்டர்காரங்க எனக்குக் கமிஷன் கொடுப்பாங்க."

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப நீங்க மாப்பிள்ளை வீட்டு ஆளு," என்று அவரிடம் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய காரிலேயே பெண் வீட்டாராகக் கிளம்பினோம். சைபர்ஜெயாவில் முதல் இடம். கைரேகை, இரட்டைக் கதவு, உள்ளே பேச்சுமூச்சில்லாத குளிர். காட்டியவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கோலாலம்பூர் நடுவில் இரண்டாவது இடம். உட்கார வைத்துக் கோப்பி, கறிபாப், மூன்று வகைக் கேக். "இவ்வளவு பலகாரம் வைக்கிற வீட்ல ஏதோ மறைக்கிறாங்க," என்று என் காதில் சொன்னபடியே இரண்டாவது கறிபாப்பை எடுத்துக்கொண்டாள். மேருவில் மூன்றாவது. லோரிகள் வரிசையாக நிற்கும் தொழிற்பேட்டை. நான் உள்ளே போனேன். அவள் வெளியே நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒட்டினாற்போலப் பெயின்ட் தொழிற்சாலை ஒன்று இருந்தது. "பக்கத்து வீடு சரியில்ல," என்றாள்.

புரோக்கரோ வழியெல்லாம் மேருவையே புகழ்ந்துகொண்டு வந்தார். திரும்பும்போது ஒரு டீக்கடையில் தேத்தாரே குடிக்க உட்கார்ந்தோம்.

"தம்பி, மூணுல எதுல உங்களுக்குக் கமிஷன் ஜாஸ்தி?" என்று கேட்டாள் அவள்.

எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் கிளாசைக் கீழே வைத்தார். மேசையில் துடைத்த இடத்தையே கைக்குட்டையால் மறுபடி துடைத்தார். "சைபர்ஜெயாக்கா," என்றார்.

"கம்மி?"

"மேரு."

"உங்க சொந்தப் பெட்டியா இருந்தா எங்க வைப்பீங்க?"

"சைபர்ஜெயாதான்கா. அங்க கரண்ட் ரெண்டு பக்கமிருந்து வருது. ஒண்ணு போனா இன்னொண்ணு புடிச்சுக்கும். ஆனா அதச் சொன்னா, கமிஷனுக்காகத் தள்ளிவிடுறான்னு நீங்க நெனப்பீங்களே."

இப்படிப்பட்ட புரோக்கரை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை போலிருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தாள். "லாபத்துக்குப் பயந்து நல்ல இடத்த மறைக்கிறதும் தப்புத்தான் தம்பி. நம்ம தொழில்ல நல்ல இடத்த நல்ல இடம்னு சொல்லிடணும்." தொழிலில் அவரையும் சேர்த்துக்கொண்டாள். அவரும் அதற்குப் பிறகு கன்சல்டன்ட் என்று சொல்லவில்லை.

சைபர்ஜெயாவுக்கே பேசி முடித்தோம். நல்ல நேரம் பார்த்துப் பெட்டிக்கு விபூதி பூசி அனுப்பினாள். தூசு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி நிறுத்திவிட்டார். புரோக்கர் இஸ்திரி போட்ட தன் கைக்குட்டையால் அதைப் பயபக்தியோடு துடைத்தெடுத்து, மிச்சத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

தை பிறந்தது. ஒரு மத்தியானம், கீழே சாப்பாட்டு நேரம், ஃபிரீசர் உறுமியது. எங்கள் விளக்கும் மின்விசிறியும் நின்றன. இருவருமே பழக்கத்தில் பின்னறைப் பக்கம் பார்த்தோம். அங்கே தொட்டி மட்டும்தான் இருந்தது. அவள் பயந்து பயந்து கைப்பேசியை எடுத்து எங்கள் தளத்தைத் திறந்தாள். திறந்தது. கையில் இருக்கும்போதே ஒரு செய்தி வந்து விழுந்தது. அதே கிள்ளான் பெண். ஒரு பையன் வீட்டுக்குச் சரி என்று பதில் போட்டிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் அதன் கீழே காட்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அழவிடாமல் இருக்க ஏதாவது பேச வேண்டும் என்று, "அந்தத் தம்பிய மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு சொன்னியே. எனக்கு மூணு இடம் பாத்தப்ப நீ யாரு வீட்டு ஆளு?" என்றேன்.

"பொண்ணு வீட்டு ஆளு," என்றாள்.

"எந்தப் பொண்ணு வீடு? மூணும்தான் தட்டிப் போச்சே."

மின்விசிறி நின்றதால் விசிறிக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"தட்டிப் போகல," என்றாள். "நான்தான் தட்டிவிட்டேன்."